கதவை மூடினால் செல்லாது

"என் பேரு யூபா. வயசு இருபத்தாறு. பிரான்ஸ்ல, துவார்னனே துறைமுகத்துல இருக்கேன்."

போனை வாயருகே பிடித்து அவன் சொல்லச் சொல்லத் திரையில் எழுத்து விழுந்தது. பேசி அனுப்பினால் குரல் நடுங்குவது தெரிந்துவிடும். எழுத்து நடுங்காது.

"உங்க அக்காவுக்கு உன் பேரே மறந்துபோச்சாடா?" பக்கத்தில் லூயிக் டையைத் தளர்த்திக்கொண்டே சிரித்தான்.

ஒரு மாதமாக நகராட்சிப் படிவங்களுக்குச் சொல்லிச் சொல்லி யூபாவின் வாய்க்கு அதுவே பழகிவிட்டது.

"திஹியா அக்கா, என் ரூம்ல இருக்கிற லூயிக்குக்கு இன்னிக்குக் கல்யாணம். நகராட்சிக்கு வந்திருக்கோம். மழை இல்ல."

அனுப்பிவிட்டான். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான்கு வருஷமாக வீட்டுக்கு இப்படித்தான் எழுதுகிறான்.

கல்யாணத்தை நடத்திவைக்க வந்த துணைமேயரம்மா தோளில் மூவர்ணப் பட்டையைச் சரிசெய்தாள். சாட்சிக்கு வந்திருந்த மத்தி மீன் ஆலைப் பெண்கள் இருவரும் அதற்குள் கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள்.

திறந்திருந்த கதவுக்கு எதிரே, மீன்சந்தையில் யூபாவின் பெரியப்பா மகன் மொக்ரான் லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் பட்டால் மத்தியானத்துக்குள் அல்ஜீரியாவில் அவர்கள் மலைக்கிராமம் முழுக்கச் சேதி போய்விடும்.

யூபா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.

"அட, மூடாதீங்க! கதவு மூடியிருந்தா கல்யாணமே செல்லாது. ஆட்சேபம் இருக்கிறவங்க யாரு வேணா உள்ள வரலாம், சட்டம் அப்படி" என்றாள் துணைமேயரம்மா.

யாரு வேணா.

நான்கு வருஷமாக அவனும் லூயிக்கும் இருக்கும் ரூமில் தெருப்பக்க ஜன்னலைத் திறந்ததில்லை. வெளியே போனால் இருவருக்கும் நடுவே மூன்றாவது ஆள் நடக்க இடம் இருக்கும்.

லூயிக் டையை மறுபடி இறுக்கினான்.

யூபா கதவைத் திறந்தான். இரட்டைக் கதவில் ஒரு பக்கம் போதும் என்றாள் துணைமேயரம்மா. அவன் மறுபக்கத் தாழையும் நீக்கி, நாற்காலியை இழுத்து முட்டுக்கொடுத்தான்.

எதிரே மொக்ரான், பெட்டியும் கையுமாக நிமிர்ந்து பார்த்தான்.

யூபா கையை உயர்த்தி ஆட்டினான். பிறகு போனை எடுத்தான்.

"அக்கா, முன்னாடி சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. லூயிக்குக்குக் கல்யாணம், என்கூட. மொக்ரான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம், நானே சொல்றேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நீ முணுமுணுக்காம, வாசக்கதவைத் திறந்து வச்சு, சத்தமா வாசிச்சுக் காட்டு."