நடுவில் இருந்த டியூப்

வீட்டு வாசலில் பழைய ஸ்கூட்டர் சக்கரத்தைப் பூட்ட உட்கார்ந்திருந்தார் வீட்டுக்காரர். நட்டுப் போட்டு இணைக்கும் அதன் ரிம் இரண்டு பாதியாகப் பிரிந்து, துருப்பிடித்து, இத்தனை நாளும் பரணில் ஆளுக்கொரு மூலையில் கிடந்தது. இன்று துடைத்துப் பளபளப்பாக்கியதும் இரண்டு பாதிக்கும் தலைகால் புரியவில்லை.

"தம்பி, மறுபடி ஒண்ணாகப் போறோம்டா!"

"ரோட்டுல பறக்கப் போறோம்ண்ணே!"

டயருக்குள் காற்றில்லாமல் தொளதொளவென்று கிடந்த புது டியூபுக்கும் ஒரே குதூகலம். இரண்டு பாதியும் இரண்டு பக்கமிருந்து வந்து சேர்ந்தன. நட்டு இறுகியது.

"ஐயோ, என் ஓரம் உங்க நடுவுல மாட்டிக்கிச்சு!" என்று டியூப் அலறியது.

"நல்ல நாளும் அதுவுமா சிணுங்காதே," என்றது அண்ணன்.

"எங்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கோயேன்," என்றது தம்பி.

வீட்டுக்காரர் பம்பை அமுக்கினார். புஸ்ஸ்ஸ்! மாட்டிய ஓரம் கிழிந்து காற்றெல்லாம் வெளியே போனது.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று இரண்டும் சேர்ந்தே அதட்டின.

நட்டைக் கழற்றி, ஒட்டுப் போட்ட டியூபை வீட்டுக்காரர் மறுபடி டயருக்குள் வைத்தார். ரிம் பாதிகள் மறுபடி குதித்துக்கொண்டு கிட்டே வந்தன.

"நில்லுங்க!" என்றது டியூப்.

"இன்னும் உன்னைத் தொடவே இல்லையே?"

"முதல்ல எனக்குள்ள கொஞ்சம் காத்து வந்து, ஓரம் மாட்டாம நான் உருண்டு நிக்கட்டும். அப்புறம் நீங்க கட்டிப்பிடிச்சுக்குங்க."