பழைய பாஸ்வேர்டு

பக்கத்து வீட்டு டிவி ஓசியில் வைஃபை குடிக்கிறதென்று தெரிந்ததும், வீட்டுக்காரர் குண்டூசியை எடுத்து ரூட்டரின் முதுகிலிருந்த ரீசெட் ஓட்டையில் அழுத்தினார். விளக்குகள் அணைந்து, ரூட்டர் மறுபடி கண் விழித்தது.

“அண்ணே, அந்த டிவி ஒழிஞ்சான்! இனி வேகமெல்லாம் எனக்குத்தானே?” என்று துள்ளியது செல்போன்.

“நீங்க யாரு சார்?” என்றது ரூட்டர், பேங்க் வாசல் செக்யூரிட்டி குரலில்.

செல்போனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ராப்பகலா உங்க மடியிலேயே கிடந்தேனேண்ணே! என்னையா தெரியல?”

“எனக்கு யாரையுமே தெரியாது. புதுசா பேரு, பாஸ்வேர்டு வைக்கச் சொல்லுங்க.”

வீட்டுக்காரர் செல்போனைக் கையிலெடுத்தார். “புதுசு வெச்சா வீட்ல எல்லாத்துலயும் மாத்தணும். யாரு லோல்படுறது?” என்று முனகிக்கொண்டே, பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே தட்டினார்.

“ஐயையோ, அது வேணாம் சார்!” என்று செல்போன் அவர் உள்ளங்கையிலேயே அதிர்ந்தது. ஏதோ மெசேஜ் என்று நினைத்து அவர் அதைப் பார்க்காமலே மேஜையில் வைத்தார்.

ரூட்டர் பச்சையாகச் சிரித்தது. “அட, நம்ம தம்பி! வா, வா!”

செல்போன் தாவி ஏறியது. மடியில் ஏற்கெனவே யாரோ கால் நீட்டிப் படுத்திருந்தார்கள்.

“கொஞ்சம் தள்ளி உக்காரு தம்பி,” என்றது பக்கத்து வீட்டு டிவி. “படம் நின்னு நின்னு வருது.”