ஆறு மணிக்குள் அடங்கணும்

"சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இதோட வாய் அடங்கணும். இல்லைன்னா உள்ள உயிரோட இருக்குன்னுகூடப் பார்க்க மாட்டேன், வாசல்ல தூக்கிப் போட்டுடுவேன்!"

வீட்டம்மா போட்ட சத்தத்தில் ஃபிட்டரின் கையிலிருந்த குழாய் நழுவி விழுந்தது. அவள் கை நீட்டிக் காட்டியது கூடத்து மூலையில் இருந்த ஆறடி மீன் தொட்டியை. உள்ளே உப்புத் தண்ணீரும், எட்டு வருஷமாக வளர்ந்த பவளங்களும். வாசலில் வைத்தால் ஒரு நாள் தாங்காது.

"தொட்டி மேல தப்பில்லைம்மா. தண்ணி கீழ இறங்க மூணு ஓட்டை இருக்கு. முன்னாடி வேலை செஞ்ச மகராசன் ஒரே ஒரு குழாயை மாட்டிட்டு மத்த ரெண்டையும் அடைச்சிட்டுப் போயிருக்கான். அந்த ஒண்ணு தண்ணியோட காத்தையும் சேர்த்து முழுங்குது. அதான் இந்தக் கடகடா."

"கதை கேக்கவா உன்னைக் கூப்பிட்டேன்? சத்தம் நிக்கணும், அவ்வளவுதான்!" என்று எரிந்து விழுந்துவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் உருண்டன.

எட்டு வருஷமா உறுத்தாத சத்தம் இப்பத்தான் உறுத்துதாக்கும் என்று ஃபிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு குழாயை அறுக்க உட்கார்ந்தான்.

வீட்டுக்காரர் பூனை மாதிரி வந்து பக்கத்தில் நின்றார். ரிட்டயர் ஆனவர், காது மந்தம். போனைக்கூட ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு, ஃபிட்டர் அளவெடுக்க வந்திருந்தபோது அவருக்கு ஒரு போன் வந்தது. இத்தனை பெரிய வீட்டில் வேறு இடமே இல்லாததுபோல், இரைகிற தொட்டிக்குப் பின்னால் போய் நின்று பேசினார்.

"தம்பி, ஒரேயடியா அடக்கிடாதே. கொஞ்சம் சத்தம் இருக்கட்டும்" என்றார் கெஞ்சலாக.

ஃபிட்டருக்குச் சுள்ளென்று ஏறியது. ஒருத்தர் அடக்கு என்கிறார், ஒருத்தர் இருக்கட்டும் என்கிறார், நடுவில் அகப்பட்டுக்கொண்டு முழிப்பது யார்? "இருக்கும் சார், இருக்கும். நீங்க போய்ப் படுங்க" என்று அவர் காதருகே வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி அனுப்பி வைத்தான்.

தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டாருக்குத் தனி பிளக் தேவைப்பட்டது. பூட்டியிருந்த பக்கத்து அறைக் கதவில் அவன் கை வைத்ததுதான் தாமதம், வீட்டம்மா பாய்ந்து வந்தாள்.

"அந்தக் கதவைத் தொடாதே! அது போனவளோட ரூம்."

"யாரும்மா?"

"பெத்த பொண்ணு. சொல்லாமக் கொள்ளாமக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனவ. ரெண்டு வருஷமா இந்த வீட்டுல அவ பேச்சே கிடையாது. இவரும் பேசக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நீ எடுத்தே, உன்னையும் வெளிய அனுப்பிடுவேன்!"

இந்த அம்மாளுக்கு மகளாகப் பிறந்தால் யார்தான் ஓட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஃபிட்டர் வேறு பக்கமிருந்து ஒயர் இழுத்தான்.

மூன்று குழாய்களையும் மாட்டினான். முதல் குழாய்க்கு ஒரு வால்வு. இரண்டாவதில் மிச்சத் தண்ணீர் மெல்லக் கசிந்து இறங்கும். மூன்றாவது சும்மா நிற்கும், மற்றவை அடைத்துக்கொண்டால் உதவும். மோட்டாருக்குக் கீழே ரப்பர் மெத்தை வைத்து, அதிர்வு ஏறாமலிருக்க மேலே போகும் குழாயை மெத்தென்ற டியூபால் இணைத்தான்.

ஒட்டிய இடமெல்லாம் காய்ந்து, சுவிட்சைப் போட்டபோது மணி ஐந்தரை. முதலில் பழையபடி கடகடவென்றது. வால்வை நூல் நூலாக மூடினான். குழாயில் காற்று போய்த் தண்ணீர் நிறைந்தது. சத்தம் இளைத்து, இளைத்து, சுத்தமாக நின்றது.

வீட்டம்மா நம்பவில்லை. "நான் அடுப்பங்கரையில நிக்கிறேன். நீ தொட்டி ஓரமா நின்னு மெதுவாப் பேசு. அது எனக்கு இங்க கேட்டாத்தான் ஒத்துக்குவேன்."

இது என்னடா புதுக் கொடுமை என்று நினைத்தவன், "காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி குடுக்கலை, மகராசி" என்று முணுமுணுத்தான்.

"பிரிட்ஜ்ல இருக்கு, எடுத்துக் குடி!" என்றது சமையலறை.

ஃபிட்டர் நாக்கைக் கடித்துக்கொண்டான். எப்படியோ, தொட்டி தப்பித்தது. கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது மணி ஆறு அடித்தது. வீட்டுக்காரரின் போனும் அடித்தது. தூங்கி எழுந்து வந்தவர், நேற்றுப் போலவே தொட்டிக்குப் பின்னால் போய் நின்றார். சத்தம் நின்றது அந்தக் காதுக்கு எங்கே தெரியப்போகிறது?

"அப்பா..." கூடம் முழுக்க ஒரு பெண்குரல் கேட்டது. "அம்மா நல்லா இருக்காங்களா?"

ஃபிட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவி மனுஷா, இதற்குத்தானா சத்தம் இருக்கட்டும் என்றாய்! வாயில் விரலை வைத்துக் காட்டினான். அவர் கவனிக்கவில்லை.

"மெதுவாப் பேசும்மா. உங்கம்மா உள்ளேதான் இருக்கா."

சமையலறையில் குழாய் மூடப்பட்டது. வீட்டம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றாள். முகம் சிவந்து, மூக்கு விடைத்திருந்தது. அவளைக் கண்டதும் வீட்டுக்காரர் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். போச்சு, தொட்டியும் போச்சு, மனுஷனும் போச்சு என்று ஃபிட்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"ஏங்க!" என்று கத்தினாள் அவள்.

"அவளைக் கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்லுங்க!"