மாறக் கூடாத எண்

"டாக்டர், கொஞ்சம் உட்காருங்களேன். நீங்க நடக்கிறதைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றான் எவெலியோ.

நோரெலி உட்காரவில்லை. மலைநகரான மனிசாலஸில் மூன்றாவது நாளாக விடாத மழை. நனைந்த கோட்டைக் கூடக் கழற்றாமல், பல்கலைக்கழக நூலகத்தின் அந்தச் சின்ன அறையில் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அவள் மண்சரிவு ஆய்வாளர். அவன், ஆய்வுகளை இணையத்தில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் நிரந்தர எண் கொடுப்பவன்.

"சின்ன வேலைதான் எவெலியோ. இந்தப் பழைய எண்ணைத் தட்டினா எங்க புது வரைபடம் திறக்கணும்."

"சின்ன வேலையா? ஒருத்தர் கல்லறையில இன்னொருத்தர் பேரை எழுதச் சொல்றீங்க. ஒரு எண் இன்னிக்கு எதைத் திறக்குதோ, அம்பது வருஷம் கழிச்சும் அதையேதான் திறக்கணும். புது வரைபடத்துக்குத்தான் புது எண் குடுத்துட்டேனே?"

"அதை மீட்புப் படை ஆபீஸ்ல நீட்டினேன். 'எங்க திட்டத்துல இருக்கிறது பழைய எண்தான்'னுட்டாங்க. அதைத் திறந்தா 'அபாயம் குறைவு'ன்னு வருது. ஜனங்களை வெளியேத்த மாட்டேங்கறாங்க. முதல் வரைபடம் தப்பு எவெலியோ! அடியில பாறைன்னு போட்டிருக்கு. தோண்டினா வெறும் கொட்டின மண்ணு. இந்த மழைக்கு நிக்காது. அந்த இடம் எதுன்னா..."

"இடமெல்லாம் எனக்கெதுக்கு டாக்டர்?" அவன் கையமர்த்தினான். "பேரு, ஊரு, ஆளு எதுவும் எண்ணுல கிடையாது. அதனாலதான் அது நிலைக்குது. எனக்கு எல்லா வரைபடமும் ஒண்ணுதான்."

"உங்களுக்கு ஒண்ணுதான். அங்க குடியிருக்கிறவங்களுக்கு?"

அவன் முகம் சுருங்கியது. "என்னைக் கல்நெஞ்சக்காரன் ஆக்காதீங்க. ஒரு தடவை மாத்தினா நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. அப்புறம் எங்க எண்ணை எவன் நம்புவான்? வேணும்னா பழைய பக்கத்துல 'இது தவறு'ன்னு சிவப்புல ஒரு குறிப்பு போடலாம். அதுக்கும் நூலகக் குழு கூடணும். வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை அந்தக் குறிப்பை யாருக்குப் படிச்சுக் காட்டுவீங்க?"

அவள் கைப்பேசி அதிர்ந்தது. பார்த்தாள்.

"எங்க டீம் பையன் அங்கேருந்து சேதி அனுப்பியிருக்கான். ரோட்டு விரிசல்ல கை நுழையுதாம்."

எவெலியோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "சரி, சரி. அழுதுடாதீங்க. குழுவோட திட்டை நான் வாங்கிக்கறேன். குறிப்பை இப்பவே போடறேன். எண்ணைச் சொல்லுங்க."

அவள் சொல்லச் சொல்ல, இரண்டு விரல்களால் தட்டினான். பக்கம் மெதுவாகத் திறந்தது.

"ஆனா ஒண்ணு டாக்டர், குறிப்பு மட்டும்தான். எண்ணைத் திருப்பறதுங்கிறது என் உயிர் இருக்கிறவரைக்கும்..."

வாக்கியம் பாதியில் நின்றது. திரையில் தலைப்பு வந்திருந்தது: 'எல் குவாதுவால் மலைச்சரிவுக் குடியிருப்பு: மண்சரிவு அபாய வரைபடம்.'

அவன் குறிப்பு எதுவும் எழுதவில்லை. எண்ணுக்குப் பின்னாலிருந்த பழைய இணைய முகவரியை அழித்தான். புது வரைபடத்தின் முகவரியை ஒட்டினான். சேமித்தான்.

"போங்க, மீட்புப் படைக்குப் பேசுங்க. அதே எண்ணைத் திறக்கச் சொல்லுங்க. சீக்கிரம்!"

"எவெலியோ... உங்க விதி?"

அதற்குள் அவன் கைப்பேசி காதில் இருந்தது.

"லிசெத், எதையும் எடுக்காத. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு நம்ம வீட்டை விட்டு வெளியே ஓடு!"