செல்போனுக்குள் ஒரு எதிரி

மலைப் புல்வெளியில் கூடு கட்டியிருந்த நெட்டைக்காலிக் குருவி தன் புருஷனிடம் சொன்னது: "நான் இரை தின்னுட்டு வந்துடறேன். முட்டைகளைப் பாத்துக்கோங்க."

அந்த நேரம் பார்த்து, பறவை பார்க்க வந்தவர்கள் செல்போனில் வேறொரு ஆண் குருவியின் குரலைப் போட்டார்கள்.

"எவன்டா அவன், என் இடத்துல?" என்று பாய்ந்துபோன ஆண் குருவி, பாறைமேல் நெஞ்சை நிமிர்த்தி நின்று கத்தியது. ஆசை தீரப் படமெடுத்துக்கொண்டு அவர்கள் குரலை நிறுத்தினார்கள்.

"விரட்டிட்டேன்!" என்று திரும்பி வந்தது ஆண்.

"யாரை? காக்காயையா?" என்றது, அதற்குள் இரை தின்று திரும்பியிருந்த பெண். கூட்டில் உடைந்த ஓடுகள்தான் கிடந்தன.

ஆண் குருவி தலையைக் குனிந்துகொண்டது. அப்போது கீழே செல்போன் மறுபடி கூவியது.

"கேட்டியா? எல்லாத்துக்கும் அவன்தான் காரணம்!" என்று பறந்தது.