சைக்கிள் பற்றிய கேள்விகள்

ஹைதராபாத் குகட்பள்ளி ஃபிளாட்டில், ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்கான புத்தகத்தை விரித்து வைத்து, மனைவியிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான் நந்தகுமார்.

“ஹூ டாட் யூ டு ரைடு எ பைசிக்கிள்?”

“நோபடி,” என்றாள் காஞ்சனா. “அண்ணன் சைக்கிளை அவனுக்குத் தெரியாம எடுத்து, பாவாடையைச் சொருகிக்கிட்டு குரங்குப் பெடல்...”

“இங்கிலீஷ்ல சொல்லு.”

“குரங்குப் பெடலுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழ்லயே கேளுங்க.”

அவன் சிரித்தான். “விழுந்தியா?”

“முழங்கால்ல தழும்பு இருக்கே, பார்த்ததில்லையா?”

குனிந்து பார்த்தான். இருந்தது.

மகள் ஸ்ரேயா எட்டிப் பார்த்து, ஹைதராபாத் இந்தியில் ‘ஏன்’ என்று கேட்டாள். “கைக்கு டாடி? அம்மா போன மாசமே டெஸ்ட் பாஸ் பண்ணியாச்சே! இன்னும் எதுக்கு இந்த புக்?”

நந்தகுமார் புத்தகத்தை மூடப் போனான்.

“மூடாதீங்க,” என்றாள் காஞ்சனா. “கல்யாணமாகிப் பதினாலு வருஷத்துல, இந்தப் புக் வந்தப்புறம்தான் என்னைப் பத்தி ஏதாவது கேக்கறீங்க. ம், அடுத்த கேள்வி?”