கைக்கு வர ஏழு மாதம்

டோல்கேட் பக்கம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஞானதுரையின் முன்னால் நீலமேகம் உட்கார்ந்திருந்தான். அரபு நாட்டில், வேட்டைக்கு ராஜாளிப் பறவை பழக்கும் வேலை. மணலியில் வேலை போனதிலிருந்து, பாவம், அவன் ஏறி இறங்காத படியில்லை.

“முன்னப்பின்ன பழக்கியிருக்கியா தம்பி?”

“ஒண்ணே ஒண்ணு சார். கிட்ட போனாலே மிரண்டு மூலையில ஒண்டிக்கும்.”

“கையைக் கிழிச்சிருக்குமே?”

“தோ பாருங்க தழும்பு. நான் கைய இழுத்துக்கல சார். மூஞ்சியப் பாக்காம மீனைக் கிட்ட வெச்சிட்டு, அந்தாண்ட திரும்பி உக்காந்துகினு இருப்பேன்.”

ஞானதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆள் கேட்ட அரபிக்காரர் சொன்ன அதே முறை!

“எத்தனை நாள்ல கைக்கு வந்துச்சு?”

“ஏழு மாசம் சார்.”

“ஏழு மாசமா! அப்படி என்ன பறவைப்பா அது?”

“பறவை இன்னா சார் பறவை! எங்க வூட்டுக்காரம்மாவோட மொத புருசன் பொண்ணு, மதி. அஞ்சு வயசு.”

சிரிக்கப்போன ஞானதுரை சிரிக்கவில்லை.

“இம்புட்டுப் பொறுமை எவனுக்கு வரும்? வேலை உனக்குத்தான். ஆனா ரெண்டு வருஷத்துக்கு ஊர்ப்பக்கம் வர முடியாது. சரிதானே?”



“நேத்துதான் சார் அது என்னை நைனான்னு கூப்டுச்சு” என்று சொல்லிவிட்டு நீலமேகம் எழுந்துகொண்டான்.